பீசன்ஹோல் கொலையும் கேட்கப்படாத கேள்வியும்

1902ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி இரவு, தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா நகரிலே, போவர் யுத்தத்தை முடிவுக்குக் கொணர்ந்த சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இத்திகதியை வரலாற்று மாணவர் மனனஞ் செய்வர். பரீட்சை வினாத்தாள்களிலும் அது இடம்பெறுவதுண்டு. அதே இரவில், இங்கிலாந்தின் கிழக்கே, சஃபொக் பிரதேசத்தைச் சேர்ந்த பீசன்ஹோல் என்னும் சிற்றூரில், இடியும் மழையும் கலந்து அடித்துக்கொண்டிருந்த வேளையில், வீட்டு வேலைக்காரப் பெண்ணொருத்தி கழுத்தறுபட்டு மாண்டாள். அவள் பெயர் றோஸ் ஹார்சென்ற். இத்திகதியை எந்தப் பாடநூலும் குறிப்பதில்லை.

அவளைக் கொன்றவர் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. ஒருவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. ஒரு முறையன்று, இரு முறை விசாரிக்கப்பட்டது. இரு முறையும் தீர்ப்புப் பிறக்கவில்லை. அன்று தொடக்கம் இவ்வழக்கைப் பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை, குற்றவாளி இவன்தான் என்றோ, இவனல்லன் இன்னொருவன் என்றோ, ஒரு பெயரைச் சுட்டுவதிலேயே தம் ஆற்றல் முழுவதையும் செலவிட்டுள்ளன. நாம் அப்பணியில் இறங்கப்போவதில்லை. பெயர் தெரியாத கொலையாளியைப் பற்றிப் பேசப்பட்டது போதும். பெயர் தெரிந்த பெண்ணைப் பற்றியும், அவள் வாழ்ந்த சமுதாயத்தைப் பற்றியும் பேசப்பட்டது குறைவு. வரலாற்றை மக்களின் வாழ்க்கையிலே தேட விரும்புவோர் இக்குறையை நிரப்ப முயலல் வேண்டும்.

1

முதலில் ஊரைப் பார்ப்போம். பீசன்ஹோல் ஆயிரம் பேர் கூட இல்லாத கிராமம். நடுவே ஒரு தெரு, அதன் ஓரமாய்க் குடிசைகள், சுற்றிலும் வயல்கள். எனினும் அது முற்றிலும் விவசாயக் கிராமமுமன்று. 1800ஆம் ஆண்டில் ஸ்மித் என்பவர் அங்கே தொடங்கிய விதைப்பு இயந்திரத் தொழிற்சாலை நூறாண்டு கடந்து நிலைத்து நின்றது. குதிரை இழுக்க வரிசை வரிசையாக விதையிடும் அவ்வியந்திரம் சஃபொக்கின் பெயரை வெளியூர்களுக்கும் கொண்டுசென்றது. எனவே நிலச்சொந்தக்காரரையும் கூலி விவசாயியையும் தவிர, கைத்தொழில் அறிந்த தொழிலாளர் கூட்டமொன்றும் அச்சிற்றூரில் உருவாகியிருந்தது.

அத்தொழிலாளரின் ஆன்மிக வாழ்வு பிறிமிற்றிவ் மெதடிஸ்தம் எனப்படும் சபையைச் சார்ந்திருந்தது. இச்சபையை வெறும் சமயப் பிரிவாகக் கருதின் நாம் பிழைவிட்டவராவோம். அரசாங்கத் திருச்சபை நிலவுடைமையாளரின் பக்கம் நின்ற காலத்தில், கூலிக்காரனுக்கு எழுந்து நின்று பேசும் பழக்கத்தையும், கணக்கு வைக்கும் பழக்கத்தையும், கூட்டம் நடத்தும் பழக்கத்தையும் கற்பித்த இடம் இச்சபையின் சிற்றாலயமே. 1872இல் விவசாயத் தொழிலாளர் தேசிய சங்கத்தை நிறுவிய ஜோசப் ஆர்ச் இச்சபையின் போதகர். 1874இல் கிழக்குப் பிரதேசங்களின் பண்ணையார்கள் சங்கத்திற் சேர்ந்த தொழிலாளரை வேலையினின்றும் வெளியே தள்ளிக் கதவடைத்தபோது, சஃபொக்கில் நின்றுபிடித்தவர்களுள் இச்சபையார் பலர். இவ்வுண்மையை நாம் மறத்தலாகாது. ஏனெனில், பின்வரும் கதையில் அச்சபை வேறொரு முகத்துடன் தோன்றப் போகிறது.

வில்லியம் கார்டினர் இச்சூழலின் மைந்தர். விதைப்பு இயந்திரத் தொழிற்சாலையிலே தச்சு வேலையின் மேற்பார்வையாளர். வயது முப்பதின் நடுப்பகுதி. மனைவியும் ஆறு பிள்ளைகளும் உடையவர். அயலிலுள்ள சிப்ரன் சிற்றாலயத்தின் ஞாயிறு பாடசாலைத் தலைவரும் பாடற்குழுத் தலைவரும் அவரே. தம் உழைப்பாலும் ஒழுக்கத்தாலும் மேலே வந்த தொழிலாளி என்று அவரைக் கொள்ளலாம். ஊரார் சிலர் அவரை மதித்தனர். சிலர் அவரது மேனிலையைக் கண்டு புழுங்கினர்.

றோஸ் ஹார்சென்ற் அதே தொழிற்சாலையின் வண்டிக்காரர் ஒருவரின் மகள். இருபதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 'பிராவிடன்ஸ் இல்லம்' என்ற வீட்டில், கிறிஸ்ப் என்னும் முதியவருக்கும் அவர் மனைவிக்கும் ஒரே வேலைக்காரியாக இருந்தாள். பிராவிடன்ஸ் என்றால் இறைவனின் காப்பு என்று பொருள். வீட்டுக்காரர் கிராமத்துச் சிற்றாலயமொன்றின் டீக்கன் பதவி வகித்தவர். அச்சிற்றாலயத்தைக் கூட்டித் துடைப்பதும் றோசின் வேலையாயிற்று. கார்டினர் நடத்திய பாடற்குழுவில் அவளும் பாடினாள். அவள் உறங்கியது கூரையடி அறையொன்றில். அங்கிருந்து சமையலறைக்கு இறங்கத் தனியாக ஒரு படிக்கட்டு இருந்தது. எசமானரின் படிக்கட்டு வேறு, வேலைக்காரியின் படிக்கட்டு வேறு. அந்நாளைய இங்கிலாந்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வீட்டு வேலையால் வயிறு வளர்த்தனர் என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்ளல் தகும். றோஸ் அவர்களுள் ஒருத்தி.

2

1901 மே மாதத்தில் ஊரிலே ஒரு வதந்தி கிளம்பிற்று. கார்டினரும் றோசும் டீக்கனின் சிற்றாலயத்துள் தனித்திருந்ததைத் தாம் மறைந்து நின்று கேட்டதாகத் தொழிற்சாலை இளைஞர் இருவர் கூறினர். செய்தி ஒரு வாய்விட்டு மறு வாய்க்குத் தாவிற்று. கார்டினர் அதனை முற்றாக மறுத்தார். கதவு இறுகிக்கொண்டதென றோஸ் உதவி கேட்டாள், போய்ச் சாத்திக் கொடுத்தேன், அவ்வளவே என்றார். சபை மேலதிகாரியான போதகர் வந்து, உறுப்பினர் முன்னிலையில் விசாரணை நடத்தினார். இளைஞர் தம் கூற்றைக் கைவிடவில்லை. கார்டினரும் தம் மறுப்பைக் கைவிடவில்லை. குற்றம் நிறுவப்படாததால் அவர் தமது பதவிகளிலே தொடர்ந்தார். மானநட்ட வழக்குத் தொடுப்பதாக ஒரு சட்டத்தரணி மூலம் இளைஞருக்குக் கடிதம் அனுப்பினார். பின்னர் அதனைத் தொடரவில்லை.

இவ்விசாரணையின் இயல்பைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். அங்கே விசாரிக்கப்பட்டது ஒரு மனிதனின் நற்பெயர். அவர் பாடசாலைத் தலைவராய் இருக்கலாமா, கூடாதா என்பதே தீர்க்க வேண்டியிருந்த வினா. வதந்தி உண்மையாயின் வேலைக்காரப் பெண்ணின் கதி என்ன, பொய்யாயின் அவளுக்கு நேர்ந்த இழிவுக்கு யார் பொறுப்பு என்னும் வினாக்கள் எந்தச் சபைக்கும் உரியனவாயிருக்கவில்லை. கார்டினருக்கு முறையிடச் சபை இருந்தது. பயமுறுத்தச் சட்டத்தரணி இருந்தார். றோசுக்கு எசமானியின் நல்லெண்ணம் ஒன்றே இருந்தது. அதுவும் எந்நேரமும் மீளப்பெறத் தக்கது.

வதந்தி ஓயவில்லை. 1902 பெப்ரவரியில், சபையின் முதிய பிரசங்கியாரொருவர் இருவரையும் இரவிலே தெருவில் ஒருங்கு கண்டதாகச் சொன்னார். பின்னர் தம் மனைவியின் கையெழுத்தில், ஒப்பமிடாத கடிதமொன்றையும் கார்டினருக்கு அனுப்பினார். எச்சரிக்கை வந்து சேர்ந்தது ஆணுக்கு, அதுவும் பெயரில்லாமல். இவ்வாறு ஓராண்டு காலமாக ஊர் முழுவதும் அப்பெண்ணைக் கண்ணுற்றுக்கொண்டே இருந்தது. பார்த்த கண்கள் பல. காத்த கை ஒன்றுமில்லை.

3

மே 31ஆந் திகதி சனிக்கிழமை, தபாற்காரன் றோசுக்கு ஒரு கடிதம் கொணர்ந்து கொடுத்தான். மங்கிய மஞ்சள் நிற உறை. உள்ளே ஒப்பமில்லாத சில வரிகள். இரவு பத்து மணிக்கு அறைச் சாளரத்தில் விளக்கு வைக்குமாறும், நள்ளிரவில் பின்வாசலுக்கு வருவதாகவும் எழுதியவர் கேட்டிருந்தார். பத்து மணியளவில் அக்கூரையடிச் சாளரத்தில் வெளிச்சம் தெரிந்தது. அதன்பின் புயல் எழுந்தது.

நள்ளிரவுக்குப் பின், ஏதோ விழும் சத்தத்தையும் ஓர் அலறலையும் வீட்டுக்காரி கேட்டாள். போய்ப் பார்க்க எண்ணினாள். கணவர் தடுத்தார். இடிக்குப் பயந்தால் பெண் தம்மிடம் வரலாம் என முன்னரே சொல்லியிருக்கிறது. அவளுக்குத் தேவையாயின் வருவாள் என்பது அவர் எண்ணம். அவள் வரவில்லை. அவர்களும் செல்லவில்லை. அம்முதியவர்களைக் கொடியவரெனச் சொல்ல நாம் விரும்பவில்லை. வேலைக்காரியின் அலறல் எசமானரை எழுப்பும் அளவுக்குப் பாரதூரமானதன்று என்ற வழக்கத்தை அவர்கள் தாமாக ஆக்கிக்கொள்ளவில்லை. பிறந்து வளர்ந்த ஒழுங்கிலிருந்து பெற்றனர். அவ்வளவே.

மறுநாட் காலை, சலவை செய்த உடைகளை மகளிடம் சேர்ப்பிக்க வந்த தந்தை, படிக்கட்டின் அடியிலே அவள் பிணத்தைக் கண்டார். கழுத்து வெட்டுண்டிருந்தது. இரவு உடையும் உடலும் ஓரளவு எரிந்திருந்தன. பக்கத்தே உடைந்த மருந்துப் போத்தல், மண்ணெண்ணெய் நாற்றம், உடலின் கீழ் ஒரு செய்தித்தாள். முதலில் தற்கொலையோ என்றும் எண்ணப்பட்டது. மருத்துவ ஆய்வின்போது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி என்பது வெளிப்பட்டது. இரு நாட்களின் பின் கார்டினர் கைதானார்.

4

அவருக்கு எதிரான சான்றுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நோக்கத் தக்கவை. உடைந்த போத்தலின் சீட்டில் 'கார்டினர் அம்மையாரின் பிள்ளைகளுக்கு' என்று வைத்தியர் எழுதியிருந்தார். றோசுக்குத் தடிமன் பிடித்தபோது கற்பூரத் தைலத்தை அப்போத்தலில் ஊற்றிக் கொடுத்தவள் தானே என்றார் கார்டினரின் மனைவி. செய்தித்தாள் கார்டினர் வாங்கும் 'ஈஸ்ற் ஆங்கிலியன் டெயிலி ரைம்ஸ்'; ஆனால் அது அப்பிரதேசம் முழுவதும் பரவிய பத்திரிகை. கடித உறை தொழிற்சாலைக் கந்தோரில் வழங்கும் வகையைச் சேர்ந்தது; எனினும் அத்தகைய உறை ஒருவருக்கே உரிய பொருளன்று. ஞாயிறு அதிகாலையில், கார்டினரின் வீட்டிலிருந்து பிராவிடன்ஸ் இல்லத்துக்கும், அங்கிருந்து திரும்பியும் செல்லும் றப்பர்ச் சப்பாத்தின் அடிச்சுவடுகளை ஈரமண்ணிற் கண்டதாக வேட்டைக் காவலாளி ஒருவர் சொன்னார். அத்தகைய சப்பாத்து கார்டினரிடம் இருந்தது. அதிலோ அவர் உடைகளிலோ இரத்தக் கறை இல்லை. அவரது கத்தியில் இரத்தத் துளி இருந்தது. முயல் உரித்தேன் என்றார் அவர்.

இக்கடைசிச் சான்றைப் பற்றி ஒரு விடயம் சொல்லுதல் அவசியம். மனித இரத்தத்தையும் விலங்கின் இரத்தத்தையும் பிரித்தறியும் முறையை ஜெர்மனியிலே உலன்ஹூத் என்ற விஞ்ஞானி 1901ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டார். இப்ஸ்விச் நீதிமன்றத்தில் தோன்றிய அரசாங்க நிபுணரோ, அது பாலூட்டியின் இரத்தம் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல இயலாதவராய் நின்றார். அறிவு பிறந்து ஓராண்டு கடந்திருந்தது. அது சஃபொக்குக்கு வந்து சேரவில்லை.

ஒப்பமில்லாக் கடிதத்தின் எழுத்துக் கார்டினருடையதே என உறுதி கூறியவர் தோமஸ் கரின் என்ற கையெழுத்து நிபுணர். இவர் 1896இல் அடொல்ப் பெக் என்னும் மனிதருக்கு எதிராகவும் இவ்வாறே உறுதி கூறியவர். அந்தப் பெக் செய்யாத குற்றத்துக்காகச் சிறை அனுபவித்தார் என்பது 1904இல் வெளியாயிற்று. தமது பிழையைக் கரினும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பெக்கின் கதியே 1907இல் இங்கிலாந்திலே குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நிறுவப்படுவதற்குப் பெருங்காரணமாயிற்று. பீசன்ஹோல் வழக்கு நடந்த காலத்தில் அம்மன்று இல்லை. குற்றவாளி எனத் தீர்ப்பாகியிருப்பின் கார்டினரின் கழுத்தில் சில வாரத்துள் கயிறு விழுந்திருக்கும்.

முதல் விசாரணை 1902 நவம்பரில், நீதிபதி கிராந்தம் முன்னிலையில் இப்ஸ்விச்சில் நடைபெற்றது. அரச தரப்பில் தோன்றியவர் ஹென்றி பீல்டிங் டிக்கின்ஸ். ஏழைகளின் துயரை எழுதிய நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கின்சின் மகன். எதிரி தரப்பில் ஏர்னஸ்ற் வைல்ட் என்னும் இளம் நியாயவாதி. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக எதிரியும் அவர் மனைவியும் சத்தியஞ் செய்து சாட்சி கூற முடிந்தது. அந்த இரவில் படுக்கைக்குச் சென்றபின் கணவர் வீட்டை விட்டு வெளியேறவில்லை என்று மனைவி உறுதிபடக் கூறினார். புயலின்போது தாங்கள் இருவரும் அயல்வீட்டு மூதாட்டிக்குத் துணையாகச் சென்றிருந்து, இரவு ஒன்றரை மணியளவில் திரும்பி வந்து படுத்ததாகச் சொன்னார்.

அரச தரப்பின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்த வைல்ட், வேறொரு வாயிலையும் திறந்தார். அயல்வீட்டு இளைஞனொருவன் றோசுக்கு ஆபாசப் பாட்டுகளை எழுதிக் கொடுத்தமை மன்றிலே வெளிப்பட்டது. அவனே அதனை ஒத்துக்கொண்டான். இதனால் அவன் கொலைஞனாகிவிடவில்லை. ஆனால் அப்பெண்ணைச் சூழ்ந்து கடிதம் எழுதியவர் ஒருவரல்லர் என்பது தெளிவாயிற்று.

ஜூரிமார் பன்னிருவருள் பதினொருவர் குற்றவாளி என்றனர், ஒருவர் இணங்கவில்லை. அந்நாளில் ஏகமனதான முடிவே தீர்ப்பாகும். ஆகவே 1903 ஜனவரியில், வேறொரு நீதிபதியும் வேறு ஜூரிமாரும் அதே சான்றுகளைக் கேட்டனர். இம்முறை பெரும்பாலோர் விடுதலையின் பக்கம் நின்றனர். எனினும் ஒருமைப்பாடு ஏற்படவில்லை. அதன் மேல் வழக்கைத் தொடர்வதில்லை என அரச தரப்பு அறிவித்தது. கார்டினர் வெளியே வந்தார். குற்றவாளியெனத் தீர்க்கப்படவில்லை, நிரபராதியெனவும் தீர்க்கப்படவில்லை. ஊரைவிட்டு நீங்கி, 1941இல் இறந்தார். கொலைக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டு எந்தத் தீர்ப்பும் பெறாது போன மிகச் சிலருள் ஒருவராக அவர் ஆங்கில வரலாற்றில் இடம்பெறுகிறார்.

5

ஒரே ஊர், ஒரே சான்றுகள், இரண்டே மாத இடைவெளி. ஆயினும் ஜூரிமாரின் மனச்சாய்வு தலைகீழாயிற்று. இது எதனை உணர்த்துகிறது? மனிதனின் உயிரைப் பறிக்கும் முடிவு எவ்வளவு மெல்லிய நூலிலே தொங்கியது என்பதை உணர்த்துகிறது. பெரும்பான்மைத் தீர்ப்பை இங்கிலாந்து 1967இல் ஏற்றுக்கொண்டது. பத்துப் பேரின் இணக்கம் போதும் என்றாயிற்று. அவ்விதி 1902இல் இருந்திருப்பின் பதினொருவரின் குரலே தீர்ப்பாகி, கார்டினர் தூக்குமேடை ஏறியிருப்பார். அதே சான்றுகளைக் கேட்ட அடுத்த பன்னிருவர் அவரை விடுவிக்க விழைந்ததை அறிய எவருக்கும் வாய்ப்பே இருந்திராது. கொலைக்கு மரண தண்டனை விதிப்பதை அந்நாடு 1965இல் நிறுத்தியது. இவ்வழக்குப் போன்றவற்றை நோக்கின் அது காலந்தாழ்ந்த ஞானமே.

முற்போக்காளர் இவ்விடத்தில் ஒரு மயக்கத்துக்கு ஆளாதல் கூடும். ஏழைப் பெண்ணொருத்தி கொல்லப்பட்டாள். மேனிலையில் இருந்த, மணமான, சபைத் தலைமை வகித்த ஆணொருவன் குற்றஞ்சாட்டப்பட்டான். எனவே அவனே குற்றவாளி என்று நெஞ்சம் உந்தும். அந்த உந்துதலுக்கு நாம் இணங்குதலாகாது. கார்டினரும் கூலிக்கு உழைத்தவரே. ஊர்ப் புறணி, ஒப்பமில்லாக் கடிதம், நிபுணரின் இறுமாப்பு ஆகியவற்றை நம்பி ஒருவனைத் தூக்கிலிட ஒருப்படுவோமாயின், நாளை அதே கயிறு வேறு தொழிலாளியின் கழுத்திலும் விழும். ஐயத்தின் பயனை எதிரிக்கு அளித்தல் வலியவர் நமக்கு இட்ட பிச்சையன்று. எளியவருக்கு வேண்டிய காப்பு. இணங்காது நின்ற அந்த ஒரு ஜூரர் கார்டினருக்கு மட்டும் நன்மை செய்தவரல்லர்.

ஆனால், யார் கொன்றார் என்பது தெரியாததால் எதுவுமே தெரியாது என்று கைகழுவுவது வேறொரு மயக்கம். நீதிமன்றம் ஒரு கேள்வியையே கேட்கக் கடமைப்பட்டது: இந்த மனிதன் இச்செயலைச் செய்தானா? வரலாறு அத்துடன் நின்றுவிடக் கடமைப்படவில்லை. ஆறு மாதக் கர்ப்பிணியான ஒரு பெண், அதனை எவரிடமும் வெளிப்படுத்த வழியின்றி, நள்ளிரவில் பின்வாசலிலே ஒருவனுக்காகக் காத்திருக்க நேர்ந்தது ஏன்? இந்தக் கேள்விக்கான விடை இருளில் மறைந்து கிடக்கவில்லை. அது சட்டப் புத்தகங்களிலே அச்சாகியிருக்கிறது.

1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், மணமாகாத தாயின் பிள்ளைச் சுமையை அவள் தலையிலேயே ஏற்றியது. பின்னர் வந்த திருத்தங்கள் தந்தையிடம் பணங் கோர அவளுக்கு வழி திறந்தன. எனினும் அவள் சொல்லை மட்டும் நீதவான் ஏற்கலாகாது, வேறு சான்று வேண்டும் என்றன. 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆணிடமிருந்து கிடைக்கக்கூடிய உச்சத் தொகை வாரத்துக்கு ஐந்து சிலிங். கருவைக் கலைத்தாலோ 1861ஆம் ஆண்டுச் சட்டம் கடுந்தண்டனை விதித்தது. கர்ப்பம் தெரிந்த அன்றே வேலை போகும். நற்சான்றுக் கடிதமின்றி வேறு வீட்டிற் சேர முடியாது. பெற்றோரின் குடிசையில் இடமில்லையெனின், எஞ்சியது பல்கம்ப்பிலிருந்த ஏழைகள் விடுதி. எந்தக் கதவைத் தட்டினாலும் அவமானமே திறக்கும் என்றால், பெயரில்லாத கடிதத்தின் கதவே ஒருத்திக்கு நம்பிக்கையாகத் தோன்றாதா?

கொன்றவன் எவனாயினும், அவன் எதனை நம்பிச் செயற்பட்டிருப்பான் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். அவள் எவரிடமும் சொல்லியிருக்க மாட்டாள் என்பதை நம்பினான்; அவள் அலறினாலும் எசமானர் எழுந்து வரமாட்டார் என்பதை ஒருவேளை நம்பினான். அவ்விரண்டிலும் அவன் ஏமாறவில்லை. கத்தி ஒருவன் கையில் இருந்தது. அவனுக்குத் துணைநின்ற மௌனமோ ஊர் முழுவதுக்கும் பொதுவானது.

அச்சபையின் முரண்பாடும் இங்குதான் வெளிப்படுகிறது. கூலிக்காரனைத் தலைநிமிர்ந்து நிற்கச் செய்த அதே சிற்றாலயம், அவன் மகளைத் தலைகுனிந்து நிற்கச் செய்தது. பண்ணையாரின் முன் பேசக் கற்றுக்கொடுத்த அரங்கிலே, வேலைக்காரப் பெண் பேச ஒரு நாற்காலியும் போடப்படவில்லை. விடுதலைக்காகத் தோன்றும் இயக்கங்கள் தம் வீட்டுப் பெண்களின் விடுதலையைப் பின்போடும்போது, தாம் எதிர்த்த அதிகாரத்தின் பழக்கவழக்கங்களைத் தாமே சுமக்க நேரும். இது அச்சபைக்கு மட்டும் உரிய படிப்பினையன்று. சங்கங்களிலும் கட்சிகளிலும் உழைப்போர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

6

மன்றிலே றோஸ் ஹார்சென்ற் எவ்வாறு தோன்றினாள்? கழுத்திலிருந்த வெட்டாக, வயிற்றிலிருந்த கருவாக, எரிந்த உடையாக. அவள் பெற்ற கடிதங்கள் உரத்து வாசிக்கப்பட்டன. அவள் ஒழுக்கமுள்ளவளா, அல்லளா என்பதை ஆண்கள் ஆண்களிடம் வினவினர். நீதிபதி ஆண், நியாயவாதிகள் ஆண்கள், சொத்துத் தகுதியின்படி தெரிவான ஜூரிமார் பன்னிருவரும் ஆண்கள். பெண்கள் ஜூரியில் அமர இங்கிலாந்தின் சட்டம் இடந்தந்தது 1919இல். இரண்டு விசாரணைகளிலும் ஒரு மனிதன் வாழ்வதா சாவதா என்பது தீர்மானிக்கப்பட வேண்டியிருந்தது, அது நியாயமே. அவள் ஏன் இறக்க நேர்ந்தது என்பதைத் தீர்மானிக்க மட்டும் எந்த மன்றும் கூடவில்லை.

நாம் வகுப்பறையில் 1902ஆம் ஆண்டைக் கற்பிக்கும்போது, பிரிட்டோரியாவில் இடப்பட்ட ஒப்பங்களைக் கூறுவோம், அது தேவையே. அதே இரவில் சாளரமொன்றில் எரிந்த விளக்கையும் மாணவருக்குக் கூறுவோமாக. பேரரசு சமாதானம் பெற்ற நாளில், அதன் சொந்தக் கிராமமொன்றில் ஒரு வண்டிக்காரரின் மகளுக்குச் சமாதானம் இருக்கவில்லை. கொலையாளியின் பெயரை அறிய இனி வழியில்லை. சாட்சிகள் யாவரும் மறைந்தனர். ஆனால் அவளைத் தனிமைப்படுத்திய ஒழுங்கின் பெயரை நாம் அறிவோம். வேலைக்கு ஒரு பெண்ணை வைத்திருக்கும் எந்த வீட்டிலும், அவளுக்கென ஒரு தனிப் படிக்கட்டு இருக்கும் எந்தச் சமுதாயத்திலும், அந்த ஒழுங்கு இன்னும் முற்றாக மாண்டுவிடவில்லை. இரவில் ஓர் அலறல் கேட்குமாயின், எழுந்து போய்ப் பார்ப்பதற்கு நமக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.